மெட்டிக்கு இடம் விட்ட சாக்ஸ்

இப்போதெல்லாம் தவளக்குப்பத்தில் எவன் காலைப் பார்த்தாலும் சாக்ஸ். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழே நீலக் கோடு போட்ட நைலான் சாக்ஸ், அதற்கும் கீழே ரப்பர் செருப்பு. செருப்பின் வார் விரலிடுக்கில் நுழைய மாட்டேன் என்கிறது. சாக்ஸையும் சேர்த்து அதில் திணித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்து டீக்கடைக்கு வருகிறான்கள். மாசி மாதத்திலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உனக்குக் காலில் மட்டும் குளிர் எங்கேயடா வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. பிரான்ஸிலிருந்து வந்தது, சும்மா வந்தது, போட்டுக்கொண்டான். சும்மா வந்தால் இந்தக் காலத்து ஆட்கள் எதையும் போட்டுக்கொள்வார்கள்.

ஆதிமூலத்தால் இதை உரக்கச் சொல்லவும் முடியவில்லை. கொண்டுவந்து தெரு முழுக்கக் கொடுத்தவள் அவருடைய சொந்த மகள்.

அது எண்பத்தேழாம் வருஷம். மணியம்மாள் பிரான்ஸுக்குப் போய் ஏழு வருஷம் கழித்து முதல் தடவையாக வந்திருந்தாள். நடுவில் ரெண்டு பிள்ளைப்பேறு, பட்டாளத்துப் புருஷனுக்கு ஊர் ஊராக மாற்றல், அதனால் வர முடியவில்லை என்று கடிதாசியில் காரணம் வரும். ஆதிமூலம் காரணங்களை நம்புகிற ஆள் இல்லை. இருபத்தெட்டு வருஷம் மில்லில் நூற்புக் கதிர்களுக்கு நடுவே நின்றவர். நூல் ஏன் அறுந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அறுந்த இடத்தை எடுத்துப் பார்த்தால்தான் நெசம் தெரியும்.

பெட்டியைத் திறந்ததும் அவருக்கும் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஆறு ஜோடி.

"நைனா, இது உனக்கு."

அவர் ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தார். இழுத்த அளவுக்கு நீண்டது, விட்டதும் சுருங்கிக்கொண்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நூலே இல்ல. உருக்கி ஊத்தினது" என்று சொல்லிப் பரண்மேல் வீசிவிட்டார்.

மணியம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏழு வருஷமாக உள்ளே கிடக்கிற ஒரே கேள்வி. அவர் பின்னிக் கொடுத்த சாக்ஸை இவள் போட்டாளா, இல்லையா? கேட்கவில்லை. கேட்டால் போட்டேன் என்றுதான் சொல்வாள். பெட்டி நிறைய நைலான் கொண்டுவந்தவள் வேறு என்ன சொல்வாள்?

*

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் மில் கதவடைப்பில் கிடந்தது. ஆதிமூலத்துக்குக் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாத காலம். வீட்டில் ஒரு கறவை மாடு, ஒரு கன்று, வீட்டுக்குப் பின்னால் அரைக் காணிக் கொல்லை. மழை விட்டால் மல்லாட்டை போட வேண்டும். மனைவி வீராயி விதைக் கடலைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மாட்டுக்கு அவர் வைக்கோல் போட்டால் வீராயி வந்து அதை அப்புறப்படுத்திவிட்டு வேறு மாதிரி போடுவாள். வேலையில்லாத ஆம்பளை வீட்டில் இருந்தால் இதுதான் நடக்கும்.

மகளுக்கு வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகன் முருகையன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். ஆனியிலேயே திரும்பிப் போய்விட்டான். ஐப்பசியில் காகிதமெல்லாம் சரியாகி, கார்த்திகைக் கடைசியில் மணியம்மாள் கிளம்ப வேண்டும் என்று கடிதாசி வந்தது. அவளே அதை உரக்கப் படித்தாள். நீ வரும்போது இங்கே பனி முழங்கால் அளவு இருக்கும், ஆனாலும் பயப்பட வேண்டாம், துணிமணி எதுவும் வாங்க வேண்டாம், எல்லாம் நான் வாங்கித் தருகிறேன்.

"ஏரோபிளேன்ல இருந்து எறங்கி இவன் கடைக்கு இட்டுக்கினு போற வரைக்கும் இவ கால்ல இன்னாத்த மாட்டிக்குவா?" என்றார் ஆதிமூலம்.

"மருமவன் வண்டியோட வந்து நிப்பாருங்க" என்றாள் வீராயி.

"நிக்கலன்னா?"

"ஏன் நிக்க மாட்டாரு?"

"அன்னிக்குப் பார்த்து காவல் போட்டாங்கன்னா? கடை சாத்தியிருந்தா?"

"உங்க வாயில நல்லதே வராதா?"

வாயில் வந்ததைவிட மனசில் இருந்தது மோசம். மில்லுக்கு எதிர் டீக்கடையில் லூயிஸ் என்று ஒருத்தர் பழக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்த சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. முத்தியால்பேட்டையில் வீடு. ஒருநாள் பேச்சுவாக்கில் மகள் போகிற ஊரைச் சொன்னதும் லூயிஸ் ஷூவைக் கழற்றி இடது காலை பெஞ்சின் மேல் தூக்கி வைத்தார். கடைசி ரெண்டு விரல் இல்லை.

"ஜெர்மனி எல்லையில ஒரே ஒரு ராத்திரி காவல். சாக்ஸ் ஈரமாப் போச்சு. காலையில கழட்டறேன், ரெண்டு விரலும் கத்திரிக்காய் மாதிரி இருக்கு. எடுத்துட்டாங்க."

"கடையில வாங்கின சாக்ஸா?"

"பட்டாளத்துல குடுத்தது. அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து என் பெண்சாதி பின்னிக் குடுத்ததைத்தான் போட்டேன். பாரு, மிச்சம் எட்டும் இருக்கு."

அன்றைக்கு ஆதிமூலம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் மகள் வெறும் காலோடு சாணி வாரிக்கொண்டிருந்தாள். சேற்றில் பத்து விரலும் பத்துப் பக்கம் விரிந்து பதிந்திருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

*

லூயிஸின் மனைவி ஸ்டெல்லாமேரி. தெருவில் எல்லாரும் மதாம் என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மணியம்மாளுக்குச் சாக்ஸ் பின்னச் சொல்லித் தருகிறேன் என்றாள். ஆதிமூலம் மகளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, அரியாங்குப்பம் பாலம் தாண்டி, ஊரைக் குறுக்காக மிதித்து முத்தியால்பேட்டைக்குக் கொண்டுபோவார். கேரியரில் கூடவே ஒரு தூக்கில் பால். வீராயி கொடுத்து அனுப்புவது.

"உள்ள வந்து உக்காருங்க முசியே" என்பாள் ஸ்டெல்லாமேரி.

"பரவால்ல. இங்கயே தெரியுது" என்று ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார்.

நாலு ஊசி. மூன்று ஊசியில் கண்ணிகள் முக்கோணமாக நிற்கும், நாலாவது ஊசி சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். மேலே வாய், அப்புறம் கணுக்கால், அப்புறம் குதிகாலுக்கு ஒரு திருப்பம், பாதம், கடைசியில் விரல் பக்கம் குறைத்துக் குறைத்து மூடுவது. மணியம்மாளுக்குக் களை வெட்டுகிற கை. ஊசியை மண்வெட்டி மாதிரி பிடித்தாள். கண்ணி நழுவிக்கொண்டே இருந்தது.

"அழுத்தாதம்மா, ஊசி ஓடிப்போவாது" என்பாள் ஸ்டெல்லாமேரி. "எண்ணிக்கையை மட்டும் விட்டுடாத. ஒரு கண்ணி போனா ஷொசெத் போச்சு."

"ஷொசெத்தா, சாக்ஸா மதாம்?"

"கால் உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்."

ஜன்னலுக்கு வெளியே ஆதிமூலத்துக்கு வேறு கவலை. இந்த அம்மா எதற்குச் சும்மா சொல்லித் தருகிறாள்? பாலுக்காக இருக்காது, பால் எங்கும் கிடைக்கும். கல்யாண சமையல்காரன் கூட யாருக்காவது பக்குவம் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொல்வான். இவளும் நடுவில் எதையாவது ஒளித்து வைப்பாள். குதிகால் திருப்பத்தில் வைப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. பழைய சைக்கிள் சக்கரத்திலிருந்து நாலு போக்ஸ் கம்பியைப் பிடுங்கினார். ஒரே நீளமாக வெட்டி, ரெண்டு முனையையும் அரத்தால் ராவி, அம்மியில் தேய்த்து வழவழப்பாக்கினார். மாட்டுக்கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து, சாக்குத் தைக்கிற சணலில் கண்ணி போட்டார். அறுந்த இழையை ஓடுகிற கதிரில் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டின விரல்கள். சணல் ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஸ்டெல்லாமேரி சொன்ன மாதிரியே எண்ணி, சொன்ன மாதிரியே திருப்பினார். நாலாவது நாள் குதிகால் வந்து நின்றது. எதையும் ஒளிக்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சணல் குதிகாலை மாடு தின்றுவிட்டது.

*

மணியம்மாளின் முதல் சாக்ஸ் முடிந்தபோது கிளம்புவதற்குப் பதினாலு நாள் இருந்தது. காப்பிப்பொடி நிறத்து உல்லன் நூல். அங்கங்கே கோணல், ஆனாலும் சாக்ஸ். மல்லாட்டைத் தோலுக்கு நடுவே உட்கார்ந்து வலது காலில் மாட்டினாள். பாதி போனது. அதற்கு மேல் போகவில்லை. இழுத்தாள்.

மெட்டி. ரெண்டாவது விரலில் இருந்த மெட்டியின் சுற்று ஒரு கண்ணியைக் கவ்விப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் இழை அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து கண்ணி மேல் கண்ணியாக, ஏணி வைத்த மாதிரி, கணுக்கால் வரைக்கும் பிரிந்துகொண்டே போனது. மூன்று வாரத்து வேலை.

மணியம்மாள் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"மதாம் சொன்னாங்க. மெட்டியைக் கழட்டிட்டுத்தான் போடணுமாம். அங்க எல்லாரும் அப்படித்தானாம்."

வீராயி கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டாள்.

"அவங்க வேதக்காரங்க. கையில மோதிரம் கெடக்குது, அது போதும். உனக்கு என் சம்பந்தி முன்னால, அம்மி மேல கால வச்சி போட்டது. புருஷன் இருக்கறப்ப அது எறங்கக்கூடாது."

"குளிர் காலத்துக்கு மட்டும்தாம்மா."

"குளிர் காலத்துக்கு மட்டும் தாலியக் கழட்டுவியா?"

"அம்மா, விரலே போயிட்டா மெட்டியை எதுல போடறது?"

"வாயில போடுவேன்! பேசற பேச்சப் பாரு." வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு பட்டாளத்துல துப்பாக்கி பக்கத்துல படுக்கற ஆளு. நீ அங்க மெட்டியக் கழட்டி வச்சிட்டு எங்கள இங்க நெஞ்சக் கல்லாக்கிக்கினு இருக்கச் சொல்றியா?"

"அப்ப நான் போவல. அவருக்கு எழுதிப் போட்டுடறேன். மெட்டி வேணுமா கால் வேணுமான்னு முடிவு பண்ணிட்டு வரேன்னு."

அழ ஆரம்பித்தாள். வீராயியும் அழ ஆரம்பித்தாள். மாட்டுக்குக் கழுநீர் கொண்டுபோன ஆதிமூலம் வாளியோடு நின்றார். ரெண்டு பேர் சொல்வதிலும் ஒரு தப்பும் இல்லை. தப்பு சாக்ஸில்தான். மெட்டி போட்ட காலைப் பார்க்காத எவனோ யோசித்துச் செய்த சாக்ஸ் அது.

"கொண்டா இங்க" என்றார்.

பிரிந்த சாக்ஸை வாங்கி, கொட்டகைக் கூரையில் செருகியிருந்த போக்ஸ் கம்பிகளை எடுத்துவந்து, ஏணியின் அடியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கி ஏற்ற ஆரம்பித்தார். அழுகை நின்றுபோயிற்று.

"இன்னாங்க இது?" என்றாள் வீராயி.

"பார்த்தா தெரியல?"

"எப்பக் கத்துக்கினீங்க?"

"நான் எங்க கத்துக்கினேன்? அந்தம்மா சொல்றது நெசமான்னு போட்டுப் பார்த்தேன்."

"நெசமா?"

"இதுவரைக்கும் நெசம்தான்" என்றார். "விரல் கிட்ட வர்றப்பதான் தப்பு."

*

சிமெண்ட் மூட்டைக் காகிதத்தை விரித்து, மகளை அதன்மேல் நிற்கவைத்து, அடுப்புக்கரியால் காலைச் சுற்றிக் கோடு போட்டார். குனிந்து கோடு போடும்போது, இந்தக் கால் பிறந்த அன்றைக்கு ஒரு மல்லாட்டை நீளம்தான் இருந்தது என்று ஞாபகம் வந்தது. மருத்துவச்சி தூக்கிக் காட்டியபோது அவர் முதலில் பார்த்தது அதைத்தான். இப்போது பெருவிரல் தனியாக ஒதுங்கி நிற்கிறது, செருப்பு வாரும் சேறும் சேர்ந்து ஒதுக்கியது. அடுத்த விரலில் வெள்ளி மெட்டி.

"இதைக் கொண்டுபோய் ஒரே பைக்குள்ள மூட்டை கட்டினா மெட்டி போய் பெருவிரலை இடிக்கும், நூலைக் கவ்வும். ரெண்டு வீடு கட்டணும்" என்றார்.

பெருவிரலுக்குத் தனி வீடு, மற்ற நாலுக்கும் ஒரு வீடு. பெருவிரலுக்கான கண்ணிகளைச் சணலில் கோத்து நிறுத்திவைத்துவிட்டு, மிச்சத்தைப் பின்னி மூடுவது. அப்புறம் நிறுத்தியதை எடுத்துச் சின்னக் குழாய் மாதிரி பெருவிரலுக்குப் பின்னுவது. மெட்டி வருகிற இடத்தில் உள்பக்கம், கவ்வாமல் இருக்க, தன் பழைய வேட்டியில் கரையோடு ஒரு துண்டு வெட்டித் தைப்பது. துவைத்துத் துவைத்துப் பட்டு மாதிரி ஆன வேட்டி.

"செருப்பும் போட்டுக்கலாம். வார் சரியா இடுக்குல உக்காரும்" என்றார்.

அந்தப் பதினாலு நாளும் மழை. அதற்கப்புறம் அப்படி ஒரு மழைக்காலம் வந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. வந்திருக்கும், அவர் மில்லுக்குள் இருந்திருப்பார். கொட்டகை வாசலில் வெளிச்சம் பார்த்து அவர் உட்கார்ந்திருப்பார். முதுகுக்குப் பின்னால் மாடு மூச்சு விடும், அந்தச் சூடு கழுத்தில் படும். எதிரே மணியம்மாள் நூல்கண்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்கும்போது கேட்கும்போது விடுவாள். மல்லாட்டை உடைகிற சத்தம். நடுநடுவே வீராயி ஒரு பிடி வறுத்துக் கொண்டுவந்து வைப்பாள். யாரும் அதிகம் பேசியதில்லை. "இன்னா எண்ணிக்கை?" "பதினெட்டு நைனா." "சரியாப் பார்த்தியா?" "நீயே எண்ணிக்கோ." அவரும் எண்ணுவார். பதினெட்டுதான் இருக்கும்.

பக்கத்துக் கொல்லைக் கண்ணையன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, மில்லு தொறக்கலன்னு பொம்பள வேலைக்கு வந்துட்ட? அடுத்து பூக்கட்டக் கத்துக்கறதா?"

"உம் பொண்டாட்டி வெளக்குமாத்தால போடறப்ப முதுகுல போட்டுக்க உனக்கும் ஒண்ணு பின்னித் தரட்டுமா?"

"அதென்னண்ணே சாக்ஸுல கொம்பு மொளைச்சிருக்குது?"

"போடா, உனக்குக் கால் இருக்கறதே மாட்டை ஓட்டிக்கினு போவத்தான்."

வெள்ளிக்கிழமை ரெண்டும் முடிந்தது. தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தபோது மணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெண்டும் வலது கால். சாதா சாக்ஸுக்கு இடது வலது கிடையாது, எதை எதில் போட்டாலும் போகும். கொம்பு வைத்த சாக்ஸுக்கு உண்டு என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அவர் முன்னால் சிரிக்க மாட்டாமல் வீராயி உள்ளே போய்ச் சிரித்தாள். அவர் ஒன்றின் விரல் பக்கத்தைப் பிரித்தார். திரும்பப் பின்னும்போது காப்பிப்பொடி நூல் தீர்ந்துபோனது. கடையில் கத்திரிப்பூ நிறம்தான் இருந்தது. இடது காலுக்குக் கொம்பு மட்டும் கத்திரிப்பூ.

ஞாயிற்றுக்கிழமை விடைபெற்றுக்கொள்ள ஸ்டெல்லாமேரி வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு மட்டும் ஆதிமூலம் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டெல்லாமேரி சாக்ஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் லூயிஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"வேலை நல்ல வேலை முசியே. குதிகால் என்னோடதைவிட சுத்தம்" என்றாள். "ஆனா இதைப் போட்டுக்கிட்டு எந்த ஷூவும் போட முடியாது. அங்க பொண்ணுங்க ஷூ ஒடுக்கமா இருக்கும். விரல் தனியா நின்னா நுழையாது."

"பெரிய ஷூவா வாங்கட்டும்."

"வாங்குவாங்க, வாங்குவாங்க" என்றாள். சொன்ன விதத்தில் வாங்க மாட்டார்கள் என்பது தெரிந்தது.

மகள் கிளம்பிய அன்று வாசலில் டாக்சி நின்றது. மணியம்மாள் செருப்புக் காலோடு ஏறினாள். மெட்டி வெயிலில் ஒருமுறை மின்னியது. சாக்ஸ் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கைப்பையில் இருப்பதாக வீராயி பிறகு சொன்னாள்.

முதல் கடிதாசி இருபது நாளில் வந்தது. 'நைனா பின்னின சாக்ஸ் கதகதன்னு இருக்கிறது, விரல் பத்தும் பத்திரம்' என்று எழுதியிருந்தாள். வீராயி சந்தோஷப்பட்டாள். ஆதிமூலம் கண்ணையனிடம் கொடுத்துத் தேதியைப் பார்க்கச் சொன்னார். போய் இறங்கின மறுநாள் எழுதியது.

"ஒரு நாள்ல இன்னா தெரியும்?" என்றார். "என் மனசுக்காக எழுதியிருக்கா."

அன்றையிலிருந்து அதைப் பற்றி அவர் பேசவில்லை.

*

இப்போது அவள் பிரான்ஸுக்குத் திரும்பிப் போக ரெண்டு நாள்தான் இருந்தது. பிள்ளைகள் கதிர்காமத்தில் மாமியார் வீட்டில். மணியம்மாள் மட்டும் வந்து கொட்டகை வாசலில், பழைய இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணையன் நைலான் சாக்ஸும் ரப்பர் செருப்புமாக வேலியோரம் தடுக்கித் தடுக்கிப் போனான். அதைப் பார்த்ததும் ஆதிமூலத்துக்கு வாய் திறந்துவிட்டது.

"அந்தக் கொம்பு சாக்ஸு. போட்டியா, குப்பையில போட்டியா?"

மணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழு வருஷம் கழிச்சிக் கேக்கறியே நைனா."

"போட்டியா, இல்லையா?"

அவள் எழுந்து உள்ளே போனாள். பெட்டியின் அடியைத் துழாவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து சாக்ஸை அவர் மடியில் போட்டாள். காப்பிப்பொடி நிறம் வெளுத்து வைக்கோல் நிறமாகியிருந்தது. கத்திரிப்பூக் கொம்பு மட்டும் அப்படியே.

"மொத குளிருக்கு ஷூவுல போட்டுப் பார்த்தேன், நுழையல. அழுதேன். அப்புறம் வூட்டுக்குள்ளயே போட்டுக்கினேன், நம்ம ஊரு ரப்பர் செருப்போட. எங்களுக்குக் குடுத்த குவார்ட்டர்ஸ்ல அடுப்பங்கரைத் தரை ஐஸு மாதிரி இருக்கும் நைனா. கீழ் வூட்டு வெள்ளைக்காரம்மா பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அஞ்சு வருஷம் போட்டேன். அங்க நம்ம ஊரு பொம்பளைங்க எல்லாரும் மெட்டியைக் கழட்டிட்டாங்க, என்னைத் தவிர."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்ஸை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். வலது காலில் ரெண்டாவது விரல் வருகிற இடத்தில் ஓட்டை. அதைச் சிவப்பு நூலால் அடைத்திருந்தது. சிவப்பும் தேய்ந்து அதற்குமேல் நீலம். விரலை உள்ளே விட்டுத் தடவினார். அவருடைய வேட்டித் துண்டு சல்லடையாகி, அதன்மேல் வேறொரு துணி தைத்திருந்தது. அந்தத் துணியும் தேய்ந்திருந்தது. கரை மட்டும் ஒரு நூல் அகலத்துக்கு மிச்சம்.

ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் சாக்ஸைத் திருப்பிக் குதிகாலைப் பார்த்தார்.

"குதிகால் புதுசு மாதிரி இருக்குதே."

"ரப்பர் செருப்புதானே நைனா. அதுமேல என்ன தேயும்?"

"நடந்தா தேயும். எதுமேல நடந்தாலும் மொதல்ல குதிகால்தான் போவும். மில்லுல எத்தினி பேர் கால் பார்த்திருக்கேன்."

"அப்ப மெட்டி இடம் எப்படி ஓட்டையாச்சு?"

அவர் ஓட்டையை இன்னொரு தடவை பார்த்தார். "எலி" என்றார்.

"பிரான்ஸுல எலியா?"

"எலி எங்க இல்ல?"

உள்ளேயிருந்து வீராயியின் குரல் வந்தது: "அவரு கிட்ட ஏன் மல்லுக்கு நிக்கற? சாமியே எதிர்ல வந்து நின்னாலும் ரேஷன் கார்டு கேக்கற ஆளு."

மணியம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலை அவர் பக்கம் நீட்டினாள். ரெண்டாவது விரலில் மெட்டி நூல் மாதிரி மெலிந்து, விரலோடு விரலாகப் பதிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னொரு ஜோடி பின்னித் தர்றியா நைனா? ரெண்டு நாள் இருக்குது."

"பெட்டி நெறைய நைலான் வச்சிருக்கியே, அதைப் போடு. மாட்டை அவுக்கணும்" என்று எழுந்தார்.

சாக்ஸை அவள் மடியில் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். மாடு முன்னால் போக, அவர் பின்னால் கொல்லை வரப்பில் நடந்தார். ஒரு குளிருக்குப் போட்டிருப்பாள். சரி, ரெண்டு குளிர் என்றே வைத்துக்கொள்வோம். அஞ்சு வருஷம் என்பதெல்லாம் பேச்சு. அஞ்சு வருஷம் போட்டிருந்தால் குதிகால் இப்படி இருக்காது. அவருக்குத் தெரியாத நூலா, அவர் போடாத கண்ணியா? பின்னாலிருந்து "நைனா" என்று அவள் கூப்பிடுவது கேட்டது. தலையை ஆட்டியபடியே நடந்துகொண்டிருந்தார், திரும்பவில்லை.